முந்நூற்று நாலு கிராம்

பாவூர்ச்சத்திரத்தில் எனக்கு ராத்திரி வேலை.
லாரி ஏறும். எண் நிற்கும். சீட்டு கிழிப்பேன்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில்
போனில் கேமரா பார்ப்பேன்,
சட்டைப்பையில் அடங்குகிற சின்னக் கேமரா.
சிறந்த பத்தில் எது முதல், எது இரண்டாவது என்று
யாரோ மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள்
எனக்காக.

எனக்காக என்றுதான் தோன்றும்.
முதன்முதலாக வாங்குகிறீர்களா, இது.
கை சின்னதா, அது.
இருட்டில் நின்று எடுப்பவரா,
நாலாவதைப் பாருங்கள்.
நாற்பத்தொரு வயசில்
நான் நிற்கிற இடம் இருட்டா வெளிச்சமா என்று
வேறு யாரும் விசாரித்ததில்லை.
பெண் பார்க்கப் போன வீட்டில்கூட
சம்பளம்தான் கேட்டார்கள்.

பிரம்மசக்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.
"நமக்கே ஏழு பொருத்தம்தான் இருந்துச்சு.
இதுக்குப் பத்தும் வேணுமாக்கும்?"

பத்தும் ஒன்றில் இல்லைதான்.
தூரத்தை இழுக்கிறது பைக்குள் போகாது.
பைக்குள் போகிறது மத்தியானத்தோடு மயங்கிவிடும்.
எல்லாம் கூடி வந்த ஒன்றுக்கு
ரஜ்ஜு தட்டியது: தண்ணீர் ஆகாதாம்.
ஆடி மாசத்துச் சாரலை
நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

இதற்குள் மூன்றாவது முதலாவதாகிவிட்டது.
பழைய முதலாவது என்ன தப்பு செய்தது என்று
ஒருவரும் எழுதவில்லை.
அதை நினைத்து இரண்டு நாள்
சோறு சரியாக இறங்கவில்லை, சொன்னால் சிரிப்பீர்கள்.

தக்காளி லோடோடு புனலூர் போகிற சொரிமுத்து கேட்டான்:
"என்னவே, இன்னும் வாங்கலியா?"
"இருநூத்தித் தொண்ணூத்தாறா, முந்நூத்தி நாலான்னு நிக்கி."
"ரூவாயா?"
"கிராம்வே."
என்னைப் பார்த்தான்.
பதினாறு டன் எரிந்துகொண்டிருந்த பலகையைப் பார்த்தான்.
"சவம், நல்லா யோசியும்" என்று
டீக்குப் போய்விட்டான்.

இத்தனை விசாரித்த பட்டியல்
எதை எடுக்கப் போகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
நாலேகால் மணி லாரியின் தார்ப்பாய் மடிப்பில்
சாரல் தண்ணீர் ஒரு கை அளவு தேங்கி நிற்கும்.
எங்கள் மேடை விளக்கு அதற்குள் இறங்கி
அரை நிமிஷம் இருக்கும்.
கிளட்ச் விட்டதும் சிந்திவிடும்.
அவ்வளவுதான். அதற்கு
மூன்றாவதா, ஆறாவதா?

ஆவணியில் சீட்டுப்பணம் கைக்கு வந்தது.
வண்ணார்பேட்டைக் கடையில் ஜெபக்கனி சொன்னாள்:
"முதலாவது வர ஆறு வாரம் ஆவும் அண்ணாச்சி.
இது ஒருத்தர் குடுத்துட்டுப் போனது. புடிச்சிப் பாருங்க."
ஒரு பட்டியலிலும் நான் பார்க்காத பெயர்.
மூலையில் பெயின்ட் உரிந்திருந்தது,
முன்னால் வைத்திருந்தவனின் பெருவிரல்
நின்று நின்று.
என் விரலும் அங்கேயே போய் நின்றது.
மூன்று மாசம் நான் படித்தது எதுவும்
அதற்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி ஆளில்லாத நேரம் பார்த்து
எடைமேடையின் நட்டநடுவில்
கேமராவை வைத்துவிட்டு
உள்ளே ஓடிவந்து பலகையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கண் தெரியாது.
தெரிந்துதான் வைத்தேன்.
ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஹாரன். ஓடிப்போய் எடுத்து வந்தேன்.
லாரி ஏறியது, பதினேழு டன் நூற்றுப்பத்து.
சீட்டு கிழித்து, காசு எண்ணி,
சில்லறை இல்லையென்று சண்டை போட்டு
நிமிர்வதற்குள் கிளட்ச் விட்டான்.
தார்ப்பாயிலிருந்து என்னவோ சிந்திய சத்தம்.

கேமரா மேசைமேல் இருந்தது.
போனைத் திறந்தேன்.
சின்னக் கேமராவுக்கு ஏற்ற பைகள்,
சிறந்த பத்து.
மழையில் நிற்பவரா நீங்கள், என்று
கேட்டிருந்தார்கள்.